ஏமாந்தவர் மட்டுமே ஏன் இழக்க வேண்டும்?

வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோய்விட்டது என்று பதறிக்கொண்டு கிளைக்கு ஓடுபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஓடிபியை யாருக்காவது சொன்னீங்களா?” ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. இல்லை என்றால், “ஸ்டேஷன்ல புகார் கொடுத்து காப்பி கொண்டுவாங்க” என்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால், “முதல்ல பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு வாங்க” என்கிறார்கள். இந்த அலைக்கழிப்பு முடிவதற்குள் பணம் நான்கைந்து கணக்குகளைத் தாண்டி, வேறொரு மாநிலத்து ஏடிஎம்மில் நோட்டாக மாறியிருக்கும்.

மோசடிக்கு ஆளானவரைக் குற்றவாளிபோல் நடத்தும் இந்த மனப்போக்குக்கு விதிகளில் இடமில்லை. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால், வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு நஷ்டம் வரக் கூடாது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்ற நிலையில், மூன்று வேலை நாள்களுக்குள் தகவல் தந்துவிட்டால் அப்போதும் அவர் ஒரு ரூபாயையும் இழக்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அவர் சுமக்க வேண்டிய உச்சவரம்பு 10,000 ரூபாய். தகவல் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்பது. கிளைக் கவுன்ட்டரில் நடப்பதோ இதற்கு நேர்மாறு.

நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியும் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப முயன்ற ஒருவரை, வாடிக்கையாளர் சேவை மையம் என்று பேசி நம்பவைத்து, ஒரு செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் செய்து, 94,204 ரூபாயைச் சுருட்டினார்கள். அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருந்தார். பணத்தைத் தர வேண்டியது ஸ்டேட் வங்கியின் பொறுப்பு என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மோசடியைக் கண்டறிந்து தடுக்க வங்கிகள் தம்மிடம் உள்ள நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றது. ஓடிபியைப் பகிராமல் விழிப்புடன் இருக்க வேண்டிய கடமை வாடிக்கையாளருக்கும் உண்டு என்றது. ஆனால் 94 ஆயிரம் ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம்வரை போக எத்தனை பேரால் முடியும்?

விதியிலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான் 2017 சுற்றறிக்கை பாதுகாப்பு தருகிறது. இன்றைய திருடர்களோ கணக்குக்குள் நுழைவதே இல்லை. கணக்குக்காரரின் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கிறார்கள். சிபிஐ அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி, ஓய்வூதியர் ஒருவரின் வைப்புத்தொகையை உடைக்கச் செய்து ஆர்டிஜிஎஸ்ஸில் வாங்கிக்கொண்டால், “நீங்களே அனுப்பியது” என்று வங்கி கைவிரித்துவிடும். மாதம் பத்தாயிரத்துக்குமேல் எடுத்தறியாத கணக்கிலிருந்து ஒரே பிற்பகலில் பல லட்சம், முன்பின் அறியாத கணக்குக்குப் போகிறது. இது கணினியின் கண்ணில் படாது என்றால் நம்ப முடியுமா?

யாருமே கேட்காத கேள்வி இன்னொன்று உண்டு: பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத் திறந்துகொடுத்தது எந்த வங்கி? கமிஷனுக்கு ஆசைப்பட்ட கல்லூரி மாணவர், கூலித் தொழிலாளி ஆகியோரின் பெயரில் கணக்கு திறந்து, பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கும்பல்கள்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. இத்தகைய வாடகைக் கணக்குகள் இல்லாவிட்டால் திருடிய பணத்துக்குப் போக்கிடமே கிடையாது. திருட்டு நகையை வாங்கிய அடகுக் கடைக்காரரைப் போலீஸ் விசாரிக்காமல் விடுவதில்லை. வங்கிக்கு மட்டும் ஏன் விலக்கு?

பிரிட்டன் இதற்கு வழிகண்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும், 85,000 பவுண்டுவரை, பொதுவாக ஐந்து வேலை நாள்களுக்குள் வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. இப்படிச் செய்தால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள், பொய்ப் புகார்கள் குவியும் என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் படுமோசமான கவனக்குறைவுக்கு அங்கே விலக்கு வைத்திருக்கிறார்கள். 100 பவுண்டுவரை வாடிக்கையாளரே ஏற்கும்படி பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு. நஷ்டம் தன் கையைக் கடிக்கும் என்றால்தான், கணக்கு திறக்கும்போதே வங்கி ஆளைப் பார்த்துத் திறக்கும்.

இந்த மாற்றம் வரும்வரை மக்கள் தங்கள் உரிமையை அறிந்து நடந்துகொள்வதே வழி. பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸிலோ யுபிஐ செயலியிலோ உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். பெற்ற வங்கிக்கு எச்சரிக்கை போய், மிச்சமிருக்கும் பணம் முடக்கப்பட வாய்ப்புண்டு. அதே கையோடு வங்கிக்கும் தகவல் தந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். தகவல் தந்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு என்பதால் அந்த எண்தான் பிற்பாடு சாட்சி. 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பிறகும் சில வேலைகள் உண்டு. இணைய வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அறியாத செயலிகளை நீக்க வேண்டும். ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்க வேண்டும். நம் பெயரில் வேறு யாரும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்த்துவிடலாம். நம் ஆவணங்களைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது, சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டிய கடன் அறிக்கையில் தெரியும். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று வருபவர் இரண்டாவது திருடர்.

வீட்டாருக்குத் தெரிந்தால் அவமானம் என்று மறைத்து, கெடுவைத் தவறவிடுபவர்கள் பலர். அந்த மௌனம் திருடருக்கும் வசதி, வங்கிக்கும் வசதி. 1930ஐ இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்வது வாசகர்கள் செய்ய வேண்டியது. ஏமாற்றி அனுப்பவைத்த பணத்துக்கும் பாதுகாப்பை விரிவாக்கி, பெற்ற வங்கியையும் நஷ்டத்தில் பங்காளியாக்குவது ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது. அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.