வைத்தவர் தண்ணீர் ஊற்றட்டும்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று நம் முன்னோர் கூறினர். துன்பத்தில் சோர்ந்தவனுக்கு இறைவன் துணையை நினைவூட்ட எழுந்த மொழி அது. உண்மையாகவே மரம் வைக்கப் புறப்படும் மனிதர் அதனைத் தமக்கிட்ட கட்டளையாகவும் கொள்வது நலம். கைவிடப்பட்ட தொழில் நிலங்களைப் பசுஞ்சோலையாக்கும் முயற்சிகளைப் பற்றி இவ்வாரம் எண்ணுகையில், இப்பழமொழியே நம் நெஞ்சில் நிற்கின்றது.

திருகோணமலை வாசகர்க்கு இத்தகைய நிலம் எதுவென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெய்க்கு மாறியபின், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரித்தானியர் சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களை நிறுவினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. நிலப்பரப்போ 800 ஏக்கருக்கு மேற்பட்டது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்ப் பெரும்பாலான குதங்கள் வெறுமையாய்க் கிடந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் காடு மெல்லப் புகுந்தது. பற்றையும் கொடியும் துருவேறிய இரும்பைத் தழுவ, எவரும் நடாத வனமொன்று அங்கே எழுந்தது.

2022ஆம் ஆண்டு ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி, எஞ்சிய 99 குதங்களுள் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. குதங்கள் மீண்டும் பயன்படுவது நாட்டுக்கு நன்மையே. ஆயினும் குதங்களை எண்ணிப் பங்கிட்டோர் மரங்களையும் எண்ண வேண்டாவா? எந்த மரம் வீழ்ந்தே தீர வேண்டும், எந்தத் துண்டு நிலம் ஊராருக்குச் சோலையாக நிற்கலாம் என்பவற்றைக் கோடரி விழுமுன் கேட்பது திருகோணமலை மக்களின் உரிமை என்பது நம் கருத்து.

இது நடவாத காரியமன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்துவந்த ஆலையொன்று 1956இல் மூடப்பட்டது. ரிச்சர்ட் ஹாக் என்னும் பூங்கா அமைப்பாளர், பழைய கோபுரங்களை இடிக்காது பேணலாமென நகர மக்களை இணங்கச் செய்தார். நஞ்சூறிய மண்ணிலே மரத்தூளையும் கழிவுநீர்ச் சேற்றையும் கலந்து உழுவித்து, நுண்ணுயிர்கள் எண்ணெய்க் கசடைத் தின்னும்படி செய்தார். 1975இல் அவ்விடம் பூங்காவாயிற்று. எனினும் மண்ணைச் சோதிக்கும் வேலை அத்துடன் தீரவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் தொடர்ந்தது.

இந்தியாவில் டெல்லியை அடுத்த குருகிராமத்திலோ, கல்லுடைத்துப் பாழான ஆரவல்லிக் குன்று நிலத்தை 2010 முதல் குடிமக்கள் குழுவொன்று ஏற்றெடுத்தது. சீமைக் கருவேல் மண்டியிருந்த அந்நிலத்தில் அம்மலைக்கே உரிய மரங்களை நட்டனர்; பள்ளிப் பிள்ளைகளும் அலுவலர்களும் கை கொடுத்தனர். சுமார் 390 ஏக்கர் பரந்த அவ்விடம் 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்குரிய இடமாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டுப் பாடம் சற்றுக் கசப்பானது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளில் கண்டல் நடும் திட்டங்கள் பெருகின. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை எனக் கண்டது. இடமறியாது நட்டதும், நட்டபின் எட்டிப் பாராததும் காரணங்கள். உவர்நீரின் ஏற்றவற்றமும் நிலத்தின் உயரமும் பொருந்தாத இடத்தில் கண்டல் பிழைக்குமா? மேய வரும் மாட்டைத் தடுப்பார் இல்லையெனில் கன்று தழைக்குமா? நடுவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பாதியேனும் மறுமாதம் வந்திருந்தால் கதை வேறாயிருக்கும்.

ஆதலின் துறைமுகப் பகுதியில் இத்தொண்டில் இறங்கும் சங்கங்களும் பாடசாலைகளும் மூன்று செய்திகளை மனத்திருத்த வேண்டும். முதலாவது, மண். எண்ணெய் சிந்திய நிலத்தை ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் அங்கே காய்கறி பயிரிடுவதும், குழந்தைகளை விளையாட விடுவதும் தகாது. இரண்டாவது, மரம். விரைந்து வளரும் அந்நிய மரங்களை நாடாது, பாலை, வீரை, நாவல், மருது போன்ற உலர்வலய மரங்களையே நட வேண்டும். தானே முளைத்து நிற்பதைப் பேணுவது புதிதாக நடுவதினும் மேலானது. மூன்றாவது, காலம். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் கன்று வேரூன்றும். அடுத்து வரும் வெப்பக் காற்றும் வறட்சியும் நிறைந்த மாதங்களே அதற்குச் சோதனைக் காலம். அக்காலத்திற்கு நீர் சுமப்பவர் யார் என்பதை நடுமுன்பே முறைவைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில்தான் குடும்பங்களின் துணை பெரிது. ஒரு வீட்டுக்கு ஒரு கன்று, அதற்கு வாரம் இருமுறை நீர் என்று ஏற்றுக்கொண்டால், பிள்ளைகள் அம்மரத்தோடு தாமும் வளர்வார்கள். தாம் நீர் வார்த்த மரத்தை நாளை எவரேனும் வெட்ட வந்தால், ஏன் என்று கேட்கும் துணிவும் அவர்களுக்குத் தானே வந்துவிடும்.