பழையதைத் தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு

"சார், இதெல்லாம் இனிமே ஓடாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக்குங்க."

புதுக் கணினி வாங்கிய கடையில் ஒரு பையன் எனக்குச் சொன்ன புத்திமதி இது. அவன் தூக்கிப் போடச் சொன்னது, சுமார் இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருள். அதில்தான் என் அம்மா சொல்லச் சொல்ல எங்கள் குடும்பக் கதையை நாற்பது பக்கம் தட்டி வைத்திருந்தேன். அம்மா இப்போது இல்லை. இன்னொரு முறை கேட்டு எழுத முடியாது.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

காரணம் சிறியது. அந்தக் காலத்து மென்பொருள்கள் பல 16 பிட் கணக்கில் எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸில் அவை ஓட ஒரு வழி வைத்திருந்தார்கள். 64 பிட் விண்டோஸில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் முறையில் இயங்கும்போது பிராசசர் அந்தப் பழைய முறைக்கு இடம் கொடுப்பதில்லை என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மாற்று இல்லையா? பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும் மென்பொருளை எழுதிவிட்டால் தீர்ந்தது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைத்தான் செய்கிறது. 1990-களின் டாஸ் விளையாட்டுகளை அதனுள் வைத்து இன்றும் காசுக்கு விற்கிறார்கள். விளையாட்டுக்கு வழி உண்டு, அம்மா சொன்ன கதைக்கு வழி இல்லையாம்!

பெரிய கம்பெனிகளுக்கு வேண்டுமானால் நியாயமே வேறு. ஐ.பி.எம். 1964-ல் அறிவித்த சிஸ்டம் 360 இயந்திரத்துக்கு எழுதிய நிரல்கள், அதன் வழிவந்த இன்றைய பெரிய இயந்திரங்களிலும் ஓடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வங்கிகள் காசு கொடுக்கின்றன, அதனால் அறுபது வருடப் பழசும் ஓடுகிறது. ஆக, முடியாதது என்று ஒன்றும் இல்லை. நமக்காகச் செய்ய மனமில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்புக் குறைவு என்பார்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸை வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. ஆனால் நான் இணையமா கேட்டேன்? என் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்!

கடைசியில் பேரன்தான் வழி செய்தான். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பீரோவில் நான் பத்திரமாக வைத்திருந்த எக்ஸ்பி சிடியை அதற்குள் ஏற்றினான். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்! அதற்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டான். பழைய மென்பொருள் எழுந்து உட்கார்ந்தது.

அதோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டப்படி தமிழை வைத்திருந்தது. வெளியே எடுத்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தமிழக அரசு 1999-ல் டாப், டாம் என்று தரம் வகுத்தது, 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. இடையில் எழுதியவர்களின் கோப்புகள் என்ன ஆயின என்று யார் கேட்டார்கள்? நல்லவேளை, என் எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் கிடைத்தது. 'காலம்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் அன்று நான் அவசரத்தில் 'கரலம்' என்று அடித்ததெல்லாம் அப்படியே வெளியே வந்தது. உட்கார்ந்து திருத்தினேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுவையின் பழைய பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவேடுகளை உத்தியோகத்தில் இருந்தபோது புரட்டியிருக்கிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய மை, நூறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. பதிவேட்டைத் திறந்தால் படிக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இருபத்தைந்து வருடக் கோப்பைத் திறக்க எனக்கு ஒரு பேரன் தேவைப்பட்டான். எது முன்னேற்றம்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. ஒரு மென்பொருளைக் கைவிடும் நிறுவனம், அதன் கோப்புகளை எப்படிப் படிப்பது என்ற விவரத்தைப் பொதுவில் வைத்துவிட்டுப் போகட்டும். பூட்டைச் செய்தவன் கடையை மூடுவதானால் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரசு அலுவலகங்கள், பழைய கணினியை ஏலம் விடுமுன் அதிலுள்ளவை புதியதில் திறக்கின்றனவா என்று ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நம் மேலும் தப்பு உண்டு. எழுதியது ஓடிப்போகாது என்று நம்பி ஒரே இடத்தில், ஒரே மென்பொருளில் விட்டுவைத்தது நான்தானே? என் வயதுக்காரர்களே, உங்கள் பரணில் பழைய கணினி இருந்தால் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு பிரதி காகிதத்திலும் எடுத்து வையுங்கள்.

அம்மாவின் நாற்பது பக்கத்தையும் நான் அச்செடுத்துத் தைத்து வைத்துவிட்டேன். அதை எந்த விண்டோஸும் இனி என்னிடமிருந்து பிடுங்க முடியாது.