எழுந்து போக முடியாதவரின் மூச்சு

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வேண்டுமா என்று இன்னமும் விவாதிக்கிறோம். சட்டம் வந்து பல காலம் ஆகிவிட்டது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2003-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அப்படியிருந்தும் டாஸ்மாக் பாருக்குள் போனால் கண் எரிகிறது. இந்தத் தடையை வாடிக்கையாளர்களுக்கு இடையிலான நாகரிகப் பிரச்சினையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் இது முதலில் ஒரு தொழிலாளர் பிரச்சினை.

புகையைத் தாங்க முடியாவிட்டால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடலாம். மேசை துடைக்கும் பையனும் சப்ளையரும் எங்கே போவார்கள்? ஜப்பானில் புகைபிடிக்காத சுமார் 91 ஆயிரம் மனைவிமார்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஹிரயாமா என்ற ஆய்வாளர் 1981-ல் வெளியிட்ட ஆய்வு, கணவரின் சிகரெட் கூடக்கூட மனைவியின் நுரையீரல் புற்றுநோய் அபாயமும் கூடியதைக் காட்டியது. அடுத்தவர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை, காற்றோட்டக் கருவிகளாலும் அந்த ஆபத்தை முழுதாக நீக்க முடியாது என்று 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகச் சொன்னது. அயர்லாந்து 2004 மார்ச்சில் பணியிடங்கள் அனைத்திலும், மதுக்கூடங்கள் உட்பட, புகையைத் தடை செய்தது. அதன்பின் அங்கே புகைபிடிக்காத மதுக்கூட ஊழியர்களின் உமிழ்நீரில் நிகோடினின் சுவடு 80 சதவீதம் குறைந்தது. அப்போது தடை இல்லாத வட அயர்லாந்தில் 20 சதவீதம்தான் குறைந்தது. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்த முடியாது.

நம் சட்டமோ 30 இருக்கைகளும் அதற்கு மேலும் உள்ள உணவகங்கள் புகைபிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அங்கே எதையும் பரிமாறக் கூடாது என்று 2017-ல் விதியைத் திருத்தினார்கள். ஊழியருக்கு ஆபத்து என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. அப்படியானால் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவது யார்? சலுகையை முழுதாக எடுத்துவிடுவதே நேர்மை.

தனிமனித சுதந்திரம் என்ற வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் இந்தத் தடை சிகரெட்டைப் பறிக்கவில்லை, பற்றவைக்கும் இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறது. ஆகவே பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்பதும் இங்கே பொருந்தாத கவலை. லாரிப் புகையைவிடவா இது மோசம் என்பார்கள். ஒரு கேடு இன்னொரு கேட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. கொஞ்சம் கனமான ஆட்சேபம் வேறு: மூலைக்கு மூலை போலீஸ் நிறுத்த முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. 2008 விதிகளின்படி, தன் இடத்தில் நடக்கும் மீறல்களைக் கண்டுகொள்ளாத உரிமையாளரிடமிருந்தே மீறலுக்கு ஒன்றாக அபராதம் வாங்கலாம். சாம்பல் கிண்ணமோ லைட்டரோ அங்கே வைக்கவும் கூடாது. புகைப்பவரைத் துரத்துவதை விட்டுவிட்டு இந்த விதியைக் கையில் எடுத்தாலே போதும். முதலில் டாஸ்மாக் பார்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அவற்றுக்கு டெண்டர் விடுவது அரசு நிறுவனம்தான்; மீறினால் உரிமம் போகும் என்ற நிபந்தனையை அமல்படுத்த அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.