மஃரிபுக்குப் பின் ஒரு கோழியாணம்



இம்மாதம் நான் எழுத எண்ணியிருந்த பொருள் வேறு. பிள்ளைகளின் தேர்வுக் காலத்தைப் பற்றிக் குறிப்புகள்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் சில மாதங்களாக என் கைக்குப் பேனாவைக் காட்டிலும் கரண்டியே அதிகம் பழகிவிட்டபடியால், அடுக்களையைப் பற்றியே எழுதத் துணிந்துவிட்டேன். ஒரு மதரஸா ஆசிரியன் கோழி சமைப்பதைப் பற்றிப் பேசுவதைச் சகோதரிகள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் என் மனைவிக்கு இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் மூன்று நாள்கள் அண்டை வீட்டார் சோறும் ஆணமும் கொடுத்தனுப்பினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. நான்காம் நாளிலிருந்து கடைப் பொட்டலம். பரோட்டா, பொரித்த கோழி, மறுநாளும் அதுவே. வார இறுதியில் செலவைக் கூட்டிப் பார்த்தபோது மளிகைக் கணக்கின் பாதியை அது விழுங்கியிருந்தது. இளைய மகளுக்கு வயிற்றுப்போக்கும் கண்டது. அன்றுதான் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

வீட்டு வேலையில் கைகொடுப்பது நபிவழி என்று பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்தவன் நான். என் வீட்டில் மஞ்சள்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

முதல் நாள் குக்கரில் கோழியைப் போட்டு ஐந்து விசில் விட்டேன். திறந்தபோது எலும்பு வேறு, சதை வேறாகக் குழைந்து கிடந்தது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "பிராய்லர் கோழிக்குக் குக்கர் எதற்குங்க? அகலமான சட்டியும் மூடியும் போதுமே" என்றார். நாட்டுக்கோழி பல மாதங்கள் ஓடித் திரிந்து வளர்ந்தது. அதன் சதை முறுகியது. அதற்கு நேரமும் குக்கரும் தேவை. பிராய்லரோ ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் இளங்கோழி. மூடி போட்டுச் சிறு தீயில் 20 அல்லது 25 நிமிடம் வைத்தால் வெந்துவிடும். நம்மில் பலர் கோழி என்றாலே இரண்டு மணி நேர வேலை என்று அஞ்சுவது, விருந்துக் கோழியையும் வார நாள் கோழியையும் ஒன்றாக நினைப்பதனால்தான். திங்கட்கிழமை இரவுக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் தேவையில்லை.

மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையே எப்படியும் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கிறது. அதில் சமைத்து முடிக்கலாம். வேலையின் பாதியை முந்திய இரவே முடித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கோழியை வாங்கி வந்தவுடன் சுத்தம் செய்து, ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, அரைக் கோப்பைத் தயிர் சேர்த்துப் பிசறி, மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறேன். அடித்தட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சை இறைச்சியின் நீர் ஒழுகினால் கீழே உள்ள பழத்திலோ பாலிலோ விழக்கூடாது. ஓர் இரவு உப்பில் ஊறிய சதை வேகும்போது வறண்டு போவதில்லை. உள்வரை சுவையும் ஏறியிருக்கும். உறைபெட்டியில் வைத்த கோழியானால் அதையும் முந்திய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். காலையில் எடுத்து மாலை வரை மேடையில் வைத்து இளக விடுவது நம் ஊர் வெயிலில் பெரும் பிழை. அந்தப் பிழையையும் ஒருமுறை செய்து, ஒரு கிலோ கோழியை வெளியே கொட்டினேன்.

கழுவுவதைப் பற்றி ஒரு சொல். இறைச்சியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீர்த்துளிகளோடு நோய்க்கிருமிகள் பாத்திரங்களில் பரவும் என்று 2014-இல் இங்கிலாந்தின் உணவுத் தர அமைப்பு மக்களைக் கேட்டுக்கொண்டது. இதை வீட்டில் படித்துக் காட்டியபோது, "இரத்தத்தோடு சமைக்கச் சொல்கிறார்களா?" என்று என் மாமியார் சினந்தார். கழுவாமல் சமைக்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் உண்மையானது. ஆகவே குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் துண்டுகளை அமிழ்த்தி மெல்ல அலசுகிறேன். பிறகு தொட்டி, கத்தி, பலகை, கை எல்லாவற்றுக்கும் சோப்பு. கோழியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் கிருமிகள் மடியும் என்கிறார்கள். சிறு துண்டுகள் ஆணத்தில் மூடியோடு 20 நிமிடம் கொதித்தால் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், அச்சம் வேண்டாம்.

இனி ஆணம். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை. அதில் மூன்று பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து போட்டுப் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும். அவசரப்படக்கூடாத இடம் இது ஒன்றுதான். பத்து நிமிடம் கொடுங்கள். பின்பு இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று. எண்ணெய் பிரிந்ததும் ஊறிய கோழியையும் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் போட்டு, கால் கோப்பைத் தண்ணீர் மட்டும் தெளித்து மூடிவிடுங்கள். கோழியே நீர் விடும். வெந்தபின் அரைமூடித் தேங்காயின் கெட்டிப் பால் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். சோற்றுக்கும் இடியப்பத்துக்கும், ஏன், கடை ரொட்டிக்கும் பொருந்தும். தேங்காய் துருவ முடியாத நாளில் பாலை விட்டுவிட்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டியும் கறிவேப்பிலையும் போட்டுச் சுருள வதக்கினால் அது மிளகுக் கோழி. எலும்புத் துண்டுகளை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டோடு குழைய வேகவைத்தால் கஞ்சி. காய்ச்சல்காரருக்கும் ஆகும். நெஞ்சுக்கறியை மட்டும் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அது விரைவில் வறண்டு நாராகும். தொடையும் காலும் சற்றுக் கூடுதல் நேரம் கிடந்தாலும் மென்மை குன்றாது. புதிதாகச் சமைக்கும் என் போன்றவர்களுக்கு அவையே துணை.

மூன்றாவது வாரம் ஓர் இரவு. சஹனைச் சுற்றி எல்லாரும் அமர்ந்தோம். பரிமாறுவதற்கு ஒரு கை போதாது என்பதால் என் மனைவியும் எங்களோடு அமர்ந்திருந்தார். நான் சட்டியிலிருந்து அள்ளி வைத்தேன். இளையவள் தன் பக்கம் வந்த கழுத்துத் துண்டை எடுத்து, "உம்மாவுக்குக் கழுத்துதானே பிடிக்கும்!" என்று அவர் முன்னால் வைத்தாள். அன்போடுதான் வைத்தாள். எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சுவதை உம்மா தின்று அவள் பார்த்திருக்கிறாள். வேறு என்ன நினைப்பாள்?

என் மனைவி அதை எடுத்துக் கடிக்கப்போனார். நான்தான் கேட்டேன். "உனக்கு உண்மையில் எந்தத் துண்டு பிடிக்கும்?"

"தொடை" என்றார்.

எங்களுக்கு நிக்காஹ் ஆகிப் பதினெட்டு ஆண்டுகள். அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. மூத்தவன் தன் முன்னாலிருந்த தொடைத் துண்டை ஒன்றும் பேசாமல் உம்மாவின் பக்கம் நகர்த்தினான். நான் எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்து வரப் போனேன். அது பக்கத்திலேயே இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்து மாதங்கள் ஆகிவிட்டன. திங்களும் புதனும் இரவுச் சமையல் இன்னும் என்னுடையது. வெங்காயம் அரிவது மூத்தவன். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைச் சஹனின் அருகிலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஐவரும் ஒரே நேரத்தில் அமர்கிறோம். வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்வதால் எழுந்து நின்று பரிமாற யாரும் தேவைப்படுவதில்லை. கழுத்துத் துண்டு என் பங்குக்கு வருகிறது. அதில் சதை குறைவு, சிறு எலும்புகள் அதிகம். பொறுமையாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது.