எவருடைய வேகத்தில் ஓடுவது?



சில ஆண்டுகளுக்கு முன்னர், நமக்கு ஐம்பது வயது நிறைவெய்திய வேளையில், இரத்த அழுத்தம் சற்றே ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர், "நாள்தோறும் நடந்து பழகுங்கள், நடை நன்கு கைவந்தபின் மெதுவாக ஓடலாம்" என்று அறிவுரை கூறினார். மூன்று மாதங்கள் நடந்தோம். பின்னர் ஓட வேண்டுமென்னும் ஆவல் எழுந்தது. ஆயினும் தனியே ஓடக் கூச்சம் தடுத்தது. வேட்டியும் துண்டுமாக நம்மைக் கண்டு பழகிய ஊரார், அரைக்கால் சட்டையுடன் நாம் ஓடுவதைக் கண்டால் என்ன நினைப்பர்? ஆகவே, விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓடிப் பழகும் இளைஞர் சிலருடன் சேர்ந்துகொண்டோம்.

முதல் நாளே வினை வந்தது. பின்தங்கிவிடலாகாது என்னும் பிடிவாதத்தில் அவர்களுடைய வேகத்திலேயே ஒன்றரைச் சுற்று ஓடினோம். மூச்சு முட்டியது, விலாவில் குத்தல் எடுத்தது. வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டோம். அவ்விளைஞர்கள் மும்முறை நம்மைக் கடந்து ஓடினர். ஒவ்வொரு முறையும், "மெதுவா வாங்க ஐயா" என்று அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்புதான் நம்மை மிகவும் வருத்தியது! மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. நான்காம் நாள் நாம் செல்லவில்லை. அதன்பின் எட்டு மாதங்கள் அந்த மைதானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முழங்கால் ஒரு வாரத்தில் குணமாயிற்று. வெட்கம் குணமாகத்தான் எட்டு மாதங்கள் பிடித்தன.

புதிதாக ஓடத் தொடங்கும் ஒருவர் தனியே ஓடுவது நன்றா, தம்மினும் விரைந்து ஓடுவோரோடு ஓடுவது நன்றா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரத்து வரலாறு ஒன்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆர்தர் லிட்யார்ட் என்பவர் அந்நகரில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரக்பி ஆடி வந்த தமது உடல் நல்ல உறுதியோடு இருப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். 1940-களில் ஒரு நாள், ஜாக் டோலன் என்னும் ஓட்டக்காரர் அவரை ஐந்து மைல், அதாவது எட்டுக் கிலோமீட்டர், தம்மோடு ஓடி வருமாறு அழைத்தார். டோலன் வயதில் மூத்தவர். ஆயினும் அவரோடு ஓடிய லிட்யார்டுக்கு நெஞ்சு படபடத்தது, தொண்டை எரிந்தது, உயிரே போய்விடும்போல் ஆயிற்று. 'இப்போதே இந்நிலை என்றால் நாற்பத்தேழு வயதில் நம் கதி என்ன?' என்னும் கவலை அவர் உள்ளத்தில் புகுந்தது.

இங்கே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. விரைந்து ஓடும் துணைவர் அவருக்குச் செய்த உதவி, அவருடைய குறையை அவருக்கே காட்டியதாகும். அக்குறையைப் போக்கிக்கொள்ளவோ அவர் தனியே ஓட வேண்டியிருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் தம் உடலையே சோதனைக்களமாக்கி, எவ்வளவு தூரம் ஓடினால் வலிமை கூடுகிறது, எவ்வளவு ஓடினால் உடல் தளர்கிறது என்று ஆராய்ந்தார். தனிமையில் கற்ற பாடத்தைப் பின்னர் அக்கம்பக்கத்து இளைஞர்க்குப் புகட்டினார். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் சினெல் 800 மீட்டர் ஓட்டத்திலும், மரே ஹால்பெர்க் 5000 மீட்டர் ஓட்டத்திலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

எனினும் நம்மைப் போன்றோர்க்குரிய செய்தி அதன் பின்னரே வருகிறது. பதக்கம் வெல்வோர்க்கு மட்டுமன்றி, நடுவயதினர்க்கும், மாரடைப்பினின்று மீண்டோர்க்கும் மெதுவோட்டம் நலம் தரும் என லிட்யார்ட் எடுத்துரைத்தார். அதன் பயனாக ஆக்லாந்தில் மெதுவோட்டச் சங்கம் ஒன்று 1962-இல் உருவாயிற்று. 'பயிற்சி செய்; உடலை வதைக்காதே' என்பதே அவரது கொள்கை.

அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் என்பார் அங்கே விருந்தினராக வந்தார். உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களை உருவாக்கியவர். அப்போது வயது ஐம்பத்தொன்று. ஞாயிறன்று மெதுவோட்டக்காரர்களோடு ஓட லிட்யார்ட் அவரை அழைத்தார். பிறரை ஓட வைத்த அப்பெரியவர் தாம் ஓடி நெடுநாளாகியிருந்தது. சிறிது தூரத்திலேயே எல்லாரும் அவரைக் கடந்து முன்னே சென்றுவிட்டனர். எழுபது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் மட்டும் தம் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தார். அம்முதியவரோ மாரடைப்புகளுக்கு ஆளாகி மீண்டவர்! அவர் இனிதாகப் பேசிக்கொண்டே வந்தார். மறுமொழி சொல்லவும் பவர்மனுக்கு மூச்சில்லை.

அன்று அவர் நாணித் திரும்பியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவரோ அங்கே தங்கியிருந்த சில வாரங்களிலும் விடாது ஓடினார். 1963-இல் யூஜின் நகருக்குத் திரும்பியதும், மெதுவாக ஓடிப் பழக வாருங்கள் என்று ஊராரை அழைத்தார். சிலராகத் தொடங்கிய கூட்டம் வாரந்தோறும் பெருகியது. பின்னர் இதய நோய் மருத்துவர் ஹாரிஸ் என்பவருடன் இணைந்து, மெதுவோட்டம் பற்றி அவர் எழுதிய நூல் 1967-இல் வெளிவந்தது. இலட்சக்கணக்கானோரை அந்நூல் ஓட வைத்தது. இவ்வளவுக்கும் ஒரு முதியவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டதற்கும் தொடர்பில்லை என்று யார் கூற இயலும்?

விரைவாளரின் துணை எப்போது பயன் தரும் என்பதை ஆய்வும் ஓரளவு காட்டியுள்ளது. 1920-களில் ஜெர்மானிய உளவியலறிஞர் ஓட்டோ கோலர், பெர்லின் நகரப் படகோட்டிகளை எடை தூக்கச் செய்து சோதித்தார். வலிமை குறைந்தவர், தம்மினும் வலியவரோடு சேர்ந்து தூக்கும்போது, தனியே தூக்குவதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவர்க்குமிடையே வேறுபாடு மிதமாக இருந்தபோதுதான் இப்பயன் மிகுதியாகக் கிட்டியது. வேறுபாடு மிகப் பெரிதானபோது அது குன்றியது. எட்டிப் பிடிக்கலாம் என்னும் நம்பிக்கை இருக்கும் வரையில்தான் முன்னே ஓடுபவர் நமக்கு ஊக்கம். அந்நம்பிக்கை அற்றுவிட்டால் அவரே நமக்குச் சோர்வு.

உடலின் இயல்பும் இதற்கு ஒத்ததே. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிபெறப் பல மாதங்கள் வேண்டும். ஆண்டுக்கணக்காக ஓடியவரின் கால் தாங்கும் வேகத்தை நேற்றுத் தொடங்கியவரின் கால் தாங்காது. நம் முழங்கால் வீங்கிய காரணம் இதுவே.

ஆதலின் புதியவர்க்கு நாம் கூற விழைவன இவை:

முதலாவதாக, இதய நோயோ, சர்க்கரை நோயோ, நெடுநாள் உழைப்பின்மையோ இருப்பின் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. ஓடும்போது நெஞ்சில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுக. அங்கே வீரம் வேண்டா.

இரண்டாவதாக, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் உங்கள் வேகத்திலேயே ஓடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கலாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா? அதுவே உங்கள் வேகம். பேச்சு அறுந்தால் வேகம் மிகுதி என்று பொருள்.

மூன்றாவதாக, வாரம் ஒருநாள் மற்றவரோடு ஓடுங்கள். தனியே ஓடுவோர்க்குச் சோம்பல் எளிதில் வாய்த்துவிடும். ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்றால் படுக்கை நம்மை விட்டுவிடும். ஆனால் புறப்படுமுன்னரே, "நான் என் வேகத்தில் வருவேன், நீங்கள் முன்னே செல்லலாம்" என்று சொல்லிவிடுங்கள். இச்சொல்லில் இழிவு ஏதுமில்லை. இருள் பிரியாத நேரத்தில் தனியே செல்ல அஞ்சும் தாய்மார்க்குத் துணை மிகவும் வேண்டுவதே. அவர்கள் விரைவாளரைவிடத் தம்மை ஒத்த வேகத்தினரைத் தேடிக்கொள்வது நலம்.

இனி, முன்னே ஓடுவோர்க்கும் ஒரு சொல். வீட்டுத்தலைவர் முன்னே செல்ல, இல்லத்தரசி பையைச் சுமந்துகொண்டு பத்தடி பின்னே வருவதை நாம் எத்தனை தெருக்களில் காண்கிறோம்! "சீக்கிரம் வா" என்று திரும்பிப் பார்த்துக் கூறுவதை அவர் துணை என்று கருதுகிறார். பின்தங்கியவரைத் திரும்பிப் பார்ப்பது துணையாகாது. திரும்பி வந்து உடன் நடப்பதே துணை. விரைந்தோடுபவர் வாரத்தில் ஒருநாள் மெதுவாக ஓடினால் அவர் இழப்பது ஒன்றுமில்லை. எளிய ஓட்டம் அவர் தசைகளுக்கும் ஓய்வே. ஆனால் பின்னே வருபவர்க்கோ, நாளையும் வருவதா, இன்றோடு விட்டுவிடுவதா என்பதே அதனால் முடிவாகிறது.

எட்டு மாதங்களுக்குப் பின் நாம் மீண்டும் தொடங்கினோம். இம்முறை தனியே, மைதானத்தின் ஓரமாக. சில வாரங்கள் கழிந்தபின் அந்த இளைஞருள் ஒருவர், தம் ஓட்டம் முடிந்ததும் நம் அருகே வந்து, "ஐயா, கடைசிச் சுற்று உங்களோடு வரட்டுமா?" என்று கேட்டார். வந்தார், தம் வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டே வந்தார். நாமும் மறுமொழி கூறிக்கொண்டே ஓடினோம். சுற்று முடிந்த பின்னரே, ஒருமுறையும் நில்லாமல் ஓடிவிட்டோம் என்பதை உணர்ந்தோம்.

இன்று நாம் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம். நாற்பது நிமிடங்கள் ஆகின்றன. இளைஞர்கள் இன்னமும் நம்மைக் கடந்துதான் செல்கிறார்கள். சென்ற மாதம் முதல் புதியவர் ஒருவர் வருகிறார். அரைச் சுற்றில் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிடுகிறார். சனிக்கிழமைதோறும் நம் கடைசிச் சுற்று அவரோடுதான்.