வீட்டு வைஃபைக்கு ஒரு அரை மணி நேரம்



புனேவில் ஹிஞ்சவாடி, வாக்கட் பக்கம் அடுக்ககங்களில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறார்கள். அதே வைஃபையில்தான் தாத்தா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், பேத்தி பாடம் படிக்கிறாள். ஆனால் இணைப்பு கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போன கடவுச்சொல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இந்த இதழில் அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வைஃபையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சலின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போலீசார் போய் நின்ற இடம், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அதற்காக அவர் விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. அதே கும்பலின் அடுத்தடுத்த மின்னஞ்சல்கள் மும்பையில் மாட்டுங்கா கல்சா கல்லூரியிலிருந்தும், செம்பூரில் ஒரு நிறுவனத்திலிருந்தும் போயின. அதே ஆண்டில் மும்பை போலீசார் கைது செய்தவர்களில் புனேவில் மென்பொருள் வேலை பார்த்தவரும் இருந்தார். திறந்து கிடக்கும் வைஃபையைத் தேடிப் பிடித்து அதன் வழியே மின்னஞ்சல் அனுப்பினார்கள் என்பதே குற்றச்சாட்டு.

ரவுட்டரின் அலை நம் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும், முதலில் தட்டப்படுவது நம் வீட்டுக் கதவுதான்.

பூட்டுவது கஷ்டமில்லை. ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 192.168.1.1 என்பது போன்ற முகவரியும் நுழைவுப் பெயரும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதல் வேலையாக, அந்தப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல வீடுகளில் அது இன்னும் ‘அட்மின்’ என்றே இருக்கிறது. அடுத்து, பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது, அது வேண்டாம். கடவுச்சொல் தட்டாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் இருக்கிறதே என்று அதன் ‘பின்’ (PIN) எண்ணை நம்பியிருந்தோம். அதை இரு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-ல் தெரியவந்தது.

கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு எங்கிருந்து வேண்டுமானாலும் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் அத்தனையையும் போட்டுப் பார்க்க நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில மணி நேரமே ஆகும். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். கடவுச்சொல்லின் சிக்கலைவிட அதன் நீளமே அதிகம் காக்கும். மறந்துபோகும் என்றால் தாளில் எழுதி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வைஃபை கேட்டால் எப்படி மறுப்பது என்று சிலர் தயங்குவார்கள். மறுக்கவே வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ உண்டு. வழிப்போக்கருக்குத் திண்ணையைக் கொடுத்தோம், உள்ளறைச் சாவியைக் கொடுக்கவில்லை அல்லவா, அது போலத்தான். அதற்கும் தனிக் கடவுச்சொல் வைத்து, நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். டிவி, கேமரா போன்றவற்றையும் அதிலேயே இணைத்துவிடலாம்.

புனேவில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா வீட்டு ரவுட்டரையும் பாருங்கள். நீங்களே செய்து முடித்துவிடாமல், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். இணையவழியில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். எந்த இடத்திலாவது தடுமாறினால் எங்களுக்கு எழுதுங்கள். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு அடுத்த இதழில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்