மலைநாட்டுக் கால்களும் மரதன் ஓட்டமும்

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மலை ஏறி இறங்குகிறவர்கள்தானே அவர்கள்!" யட்டியாந்தோட்டைப் பக்கம் செல்லும்போதெல்லாம் இந்தப் பேச்சு ஏதோவொரு வாயிலிருந்து என் காதில் விழுகிறது. சொல்பவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எமது பிள்ளைகளின் ஓட்டத்தை முளையிலேயே கிள்ளுவது இந்தப் பாராட்டுத்தான் என்பது என் கருத்து.

நடப்பது என்ன? இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்த பின்னரே பயிற்சி தொடங்குகிறது. அதுவரை ஓடியே இராத பிள்ளை, பத்துப் பதினைந்து நாட்களில் மரதன் ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை ஊடாக ஹற்றனுக்குச் செல்லும் தார் வீதியில், பெரும்பாலும் சப்பாத்து இல்லாமல் ஓடுகிறது. முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தைலம் பூசுகிறார்கள், இரண்டு நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். வலி மறுபடி வருகிறது. "இவளுக்கு ஓட்டம் சரிவராது" என்று தீர்ப்பெழுதி விடுகிறார்கள். பதின்மூன்று வயதில் எழுதப்படும் இத்தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நாற்பது வயதைக் கடந்து ஓடப் புறப்படும் நம்மவர் கதையும் ஏறக்குறைய இதுவே. அவர்களிடம் விலை உயர்ந்த சப்பாத்து இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நாற்பது கிலோ எடையுள்ள சிறுமியின் காலில் எண்பது கிலோவுக்கும் அதிகம். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இது ஏறத்தாழ ஆயிரம் தடவை நிகழ்கிறது. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் பழகா. அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காததால் 'இன்னும் ஓடலாம்' என்று நினைக்கும் அந்த இடைவெளியில்தான் காயம் நிகழ்கிறது. அடியின் வேகத்தைத் தாங்கவேண்டியது தசை. அது தளர்ந்திருந்தால் சுமை முழுவதும் எலும்புக்கும் மூட்டுக்கும் போய்விடுகிறது.

பின்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 325 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 24 வாரங்கள் அவதானித்தார்கள். 2024 இல் முடிவு வெளியாயிற்று. இடுப்பையும் நடுவுடலையும் வலுப்படுத்தியவர்களிடம் தேய்வுக் காயங்கள், தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சியை மாத்திரம் செய்தவர்களைவிட 39 சதவீதம் குறைவாக இருந்தன. கணுக்காலையும் பாதத்தையும் மட்டும் வலுப்படுத்திய குழுவுக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. வலி முழங்காலில் இருந்தாலும் குறை இடுப்பில் இருக்கலாம் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள். பிட்டத்துத் தசை தளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் உள்நோக்கிச் சரிகிறது.

இதற்கு எதிரான சான்றையும் சொல்லத்தான் வேண்டும். நியூயோர்க் மரதனில் முதன்முறை ஓடவிருந்த 720 பேரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வில், வலுப்பயிற்சியால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அங்கே ஓட்டக்காரர்கள் காணொளியைப் பார்த்துத் தாமாகவே செய்தார்கள். பலர் ஒழுங்காகச் செய்யவுமில்லை. பின்லாந்தில் இயன்மருத்துவரின் மேற்பார்வை இருந்தது. அக்கறையுள்ள விளையாட்டு ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்துவது, தாளில் எழுதிக் கொடுக்கும் பயிற்சியைவிடப் பெரிது.

இனி, 'தோட்ட வேலையே பயிற்சிதானே' என்ற வாதத்துக்கு வருவோம். விடியற்காலையில் சரிவில் மரத்துக்கு மரம் ஏறியிறங்கி இறப்பர் பால் வெட்டுபவரும், கொழுந்துச் சாக்கைச் சுமந்து நிறுவைக்கு வருபவரும் கடினமாக உழைக்கிறார்கள்; ஐயமில்லை. ஆயினும் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம், இடையில் ஓய்வு கொடுக்கிறோம், பிறகு உண்கிறோம். தசை வளர்வது அந்த ஓய்விலும் உணவிலும்தான். தோட்ட வேலையில் முதலாவது மட்டுமே உண்டு, அதுவும் அளவின்றி. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது பாடசாலை மைதானத்தில் ஓட வரிசையில் நிற்கிறார்கள். அவித்த முட்டையையும் கடலையையும் பேசாமல் வலுப்பயிற்சியை மட்டும் பேசுவது அநீதி.

செலவு அவ்வளவாக இல்லை. தோப்புக்கரணத்தைத் தண்டனையாக்கியது எமது பள்ளிக்கூடங்களின் கைங்கரியம். முறையாகச் செய்தால் தொடைக்கும் பிட்டத்துக்கும் அதைவிடச் சிறந்த எளிய பயிற்சி அரிது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தலாம். பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்கலாம். லயத்துப் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கலாம். இந்தக் கடைசிப் பயிற்சியை அந்த ஆய்வைப் பார்த்துச் சொல்லவில்லை. மேட்டில் ஓடுகிறவரின் கெண்டைக்காலுக்கு அது தேவை என்பதற்காக நான் சேர்த்தது. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். எளிதாகிவிட்டால் கையில் நீர்ப் போத்தலைப் பிடித்துக்கொள்ளலாம், பிறகு ஒற்றைக் காலில் செய்யலாம்.

மலையையும் பயன்படுத்தலாம், முறை தெரிந்தால். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தம் ஓட்டக்காரர்களைப் பாரந்தூக்க அனுப்பவில்லை. மேட்டில் துள்ளித் துள்ளி ஏறவைத்தார். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹால்பர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள். ஆனால் அந்த மேட்டுப் பயிற்சிக்கு முன் பல வாரங்கள் நிதானமான ஓட்டம் இருந்தது. புதியவர்கள் மேட்டில் ஓடி ஏறி, இறக்கத்தில் நடந்தே வரட்டும். தொடையையும் முழங்காலையும் அதிகம் வருத்துவது இறக்கம்.

யட்டியாந்தோட்டை அமைந்துள்ள இதே கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்தான், 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க. குறுந்தூர ஓட்டத்துக்கு உடல்வலு வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. நெடுந்தூரம் என்றதும் மூச்சு இருந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டி எந்த மாதத்தில் வந்தாலும் மூன்று மாதம் முன்னதாகவே வாரத்தில் இரண்டு நாளை இதற்கென ஒதுக்குங்கள். யட்டியாந்தோட்டை மழைக்குப் பேர்போன இடம். வீதியில் ஓட முடியாத அத்தகைய மாலைகளில் பாடசாலை மண்டபத்திலேயே இவற்றைச் செய்யவைக்கலாம். முன்னெலும்பு வலிக்கிறது என்று வரும் பிள்ளையைப் பட்டியலிலிருந்து நீக்காமல், ஓட்டத்தைச் சில வாரம் நிறுத்தி, வலி தராத பயிற்சிகளை மட்டும் தொடரச் செய்யுங்கள். ஒரே இடத்தில் விரல் வைத்தாலே வலித்தால், எலும்பில் நுண்வெடிப்பு இருக்கக்கூடும்; அப்போது தைலத்தை நம்பாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.